வாடகை வீட்டின் சொத்து வரி: அயர்லாந்தில் யார் ஏற்பது நியாயம், எது நடைமுறைக்கு ஒத்துவரும்?

அயர்லாந்தில் ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவரும் அதில் குடியேறுபவரும் வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் பேசித் தீர்க்கும் அளவுக்கு உள்ளாட்சிச் சொத்து வரியைப் பற்றிப் பேசுவதில்லை. வாடகையோடு ஒப்பிட்டால் வரி சிறியது என்பது ஒரு காரணம். அது வீட்டுக்காரர் பாடு என்ற பொதுவான எண்ணம் இன்னொரு காரணம். அந்த எண்ணம் பெரும்பாலும் சரிதான். ஆனால், வருவாய்த் துறையின் முன் யார் பொறுப்பாளி என்பது ஒரு கேள்வி. கடைசியில் யார் பையிலிருந்து பணம் போகிறது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சட்டம் தெளிவாக விடை சொல்லிவிட்டது. இரண்டாவதை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. தகராறுகள் எழுவதும் அந்த இடத்தில்தான்.

முடிவெடுக்க வேண்டியவருக்கு மூன்று வழிகள் உள்ளன. உரிமையாளரே வரியைக் கட்டி, வாடகையை ஒரே தொகையாக வைத்துக்கொள்ளலாம். வரிக்கு ஈடான தொகையை வாடகைதாரர் தனியே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்கலாம். அல்லது 20 ஆண்டுகளுக்குக் குறையாத நீண்ட குத்தகையாக எழுதி, சட்டப் பொறுப்பையே குடியிருப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம். சாதாரணக் குடியிருப்பு வாடகைக்கு முதல் வழிதான் ஏற்றது என்பது என் கருத்து. இரண்டாவது வழியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் சில வலுவானவை. ஆகவே அவற்றையும் உரிய இடத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் சட்டம். அயர்லாந்தில் குடியிருப்பு வீடுகள் மீதான பழைய உள்ளாட்சி வரி, 1977 தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குறுதியைத் தொடர்ந்து 1978இல் கைவிடப்பட்டது. அதன் பின் நெடுங்காலம் கழித்து, பொருளாதார நெருக்கடியின்போது அடுத்தடுத்து மூன்று வரிகள் வந்தன. சொந்தக் குடியிருப்பாக இல்லாத வீடுகளுக்கு 2009இல் ஆண்டுக்கு 200 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. 2012இல் எல்லா வீடுகளுக்கும் 100 யூரோ கட்டணம் வந்தது. 2012இன் சட்டத்தின்படி 2013 ஜூலையிலிருந்து இன்றைய சொத்து வரி நடைமுறைக்கு வந்தது. மூன்றிலும் கட்ட வேண்டியவர் உரிமையாளர்தான். இன்றைய வரியில், ஓர் ஆண்டுக்கான பொறுப்பு அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 1 அன்று வீடு யாருடையதோ அவரைச் சேர்கிறது. குத்தகைக் காலம் 20 ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால் குடியிருப்பவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்தால் அவரே வரிதாரர். வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் உரிமை பெற்றவரும், வாடகை கொடுக்காவிட்டாலும், வரிதாரராகவே கருதப்படுகிறார். உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதி அமைப்புகளும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அந்தந்த அமைப்பே பொறுப்பு.

பொறுப்பு உரிமையாளருடையது என்பதன் பொருளை, வரி பாக்கி விழுந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடியும். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி ஓடத் தொடங்குகிறது. வருவாய்த் துறை, உரிமையாளரின் சம்பளத்திலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோ அதை நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம். பாக்கி வீட்டின் மீதே ஏறி நிற்பதால், அதைத் தீர்க்காமல் வீட்டை விற்க இயலாது. 2009இல் வந்த அந்த 200 யூரோ கட்டணத்தை ஐந்து ஆண்டுகளும் கட்டாமல் விட்டவர்களுக்கு, அசல் 1,000 யூரோவாக இருக்க, 2014 ஆகஸ்ட் இறுதிக்குள் அபராதத்தோடு சேர்த்து 7,230 யூரோ வரை ஏறியிருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த உரிமையாளர்கள் வீட்டை விற்க வரும்போது இதைக் கண்டு திகைத்தது இயல்பே. இதில் எந்தக் கட்டத்திலும் வாடகைதாரர் கேட்கப்படுவதில்லை. வாடகைதாரர் தருவதாக ஒப்புக்கொண்டார், தரவில்லை என்று உரிமையாளர் வருவாய்த் துறையிடம் சொல்லித் தப்பவும் வழியில்லை.

இனி முதல் வழியை எண்களோடு பார்க்கலாம். 2026 முதல் 2030 வரையிலான வரிக்கு, 2025 நவம்பர் 1 அன்று வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பே அடிப்படை. அந்த மதிப்பை உரிமையாளரே கணித்து அறிவிக்கிறார். 4 லட்சம் யூரோ மதிப்புள்ள ஒரு வீடு, 3,15,001 முதல் 4,20,000 வரையிலான மூன்றாம் படியில் விழுகிறது. அதற்கான அடிப்படை வரி ஆண்டுக்கு 333 யூரோ. உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் இதை 15 சதவீதம் வரை குறைக்கலாம். 2026 முதல் 25 சதவீதம் வரை கூட்டவும் செய்யலாம். ஆகவே ஒரே மதிப்புள்ள வீட்டுக்கு, ஊரைப் பொறுத்து, ஏறத்தாழ 283 யூரோவிலிருந்து 416 யூரோ வரை வரி வரலாம். அந்த வீட்டின் வாடகை மாதம் 1,800 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வாடகை 21,600. அடிப்படை வரி அதில் ஒன்றரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். மாதக் கணக்கில் 28 யூரோவுக்கும் குறைவு.

தொகை சிறியதுதான் என்றாலும் உரிமையாளருக்கு ஒரு நியாயமான குறை உண்டு. வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது காப்பீடு, பழுதுபார்ப்பு போன்ற செலவுகளைக் கழித்துக்கொள்ள முடிகிறது. சொத்து வரியைக் கழிக்க முடிவதில்லை. வருமானத்தின் மேல்தட்டு 40 சதவீத வரிக்கு உட்பட்ட ஒருவர் இந்த 333 யூரோவை வாடகையின் வழியாகவே மீட்க நினைத்தால், அவர் 555 யூரோ கூடுதலாக வசூலிக்க வேண்டும். அதில் 222 யூரோ வருமான வரியாகப் போய்விடும். மற்றச் சமூகப் பங்களிப்புகளையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். சட்டத்தை எழுதியவர்கள் இதைச் சரிசெய்திருந்தால், வரியை வாடகைதாரர் பக்கம் தள்ளும் ஆசையே பாதி குறைந்திருக்கும்.

அப்படிக் கூடுதலாக வசூலிக்கவும் எளிதில் முடியாது. வாடகை உயர்வுக் கட்டுப்பாடு 2025 ஜூனிலிருந்து நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி, ஏற்கெனவே குடியிருப்பவருக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் எது குறைவோ அதுவே பெரும்பாலான வாடகைகளின் உச்ச வரம்பு. அதாவது, வீட்டின் படி ஏறியதாலோ உள்ளாட்சி மன்றம் விகிதத்தைக் கூட்டியதாலோ வரி உயர்ந்தால், குடியிருப்பு நடக்கும் காலத்தில் அந்த உயர்வை உரிமையாளர் தாமே தாங்க வேண்டியிருக்கும். புதிதாக ஒருவர் குடிவரும்போது பேசப்படும் வாடகையையும், உரிமையாளரின் செலவைவிட, அந்தப் பகுதியில் வீடு தேடுவோர் எத்தனை பேர், காலியாக இருக்கும் வீடுகள் எத்தனை என்பதே தீர்மானிக்கிறது. ஒரே தெருவில் ஒரே அளவில் இரண்டு வீடுகள் இருந்து, ஒருவர் மதிப்பைக் குறைவாகவும் மற்றவர் கூடுதலாகவும் அறிவித்திருந்தால், அந்த வேறுபாட்டுக்காக எந்த வாடகைதாரரும் கூடுதல் வாடகை தரப்போவதில்லை.

குடியிருப்பவரின் கோணத்தில் முதல் வழியின் நன்மை, மாதச் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடுவது. இழப்பும் ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. டப்ளின் நகர மன்றம் 2015 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து இந்த வரியை 15 சதவீதம் குறைத்து வந்தது. அந்தக் குறைப்பு உரிமையாளர்களின் கணக்கில் சேர்ந்தது. ஒரே தொகையாக வாடகை கொடுத்தவர்களின் வாடகை அதற்காகக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், குறைப்பால் நகர மன்றத்தின் பணிகளுக்குக் கிடைக்காமல் போன வருவாயின் விளைவு அந்நகரில் வாழும் எல்லோரையும் சேர்ந்தது.

இரண்டாவது வழியை ஆதரிப்பவர்கள் தொடங்குவது இங்கிருந்துதான். உள்ளாட்சி மன்றத்தின் நூலகமும் பூங்காவும் தீயணைப்பும் அங்கே குடியிருப்பவருக்குப் பயன்படுகின்றன. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பவரும் அவரே. எனவே வரி அவர் கண்ணில் பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். சட்டமும் இதற்கு முழுத் தடை போடவில்லை. 2004ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம், வாடகைதாரரின் கடமைகளைச் சொல்லும் 16ஆம் பிரிவில், ஒப்பந்தத்தின்படி அவர் தர வேண்டிய கட்டணங்களையும் வரிகளையும் தர வேண்டும் என்கிறது; அந்த விதி வேறு சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. எனவே, சொத்து வரிக்கு ஈடான தொகையை வாடகைதாரர் தருவார் என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டால், அது அவ்விருவருக்கும் இடையிலான ஒரு கடப்பாடாக நிற்கும். வருவாய்த் துறையை அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது.

ஆனால் இந்த விதியை ஒரு வரியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதை ஓர் எளிய நிலைமையை எடுத்துப் பார்த்தாலே உணரலாம். வரி ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. வாடகைதாரர் மார்ச் நடுவில் வந்து ஆகஸ்ட் இறுதியில் போகிறார். உரிமையாளர் முழு ஆண்டுக்குமான தொகையை மார்ச்சில் ஒரே தடவையாக வங்கிக் கணக்கிலிருந்து செலுத்திவிட்டார். இப்போது வாடகைதாரர் தர வேண்டியது ஐந்தரை மாதப் பங்கா, முழுத் தொகையா? நாள் கணக்கில் பிரித்தால், அவருக்கு முன் வீடு காலியாகக் கிடந்த நாட்களுக்கு யார் தருவது? நான்கு பேர் தனித்தனி ஒப்பந்தத்தில் அறை எடுத்துத் தங்கும் வீடானால் பங்கை அறையின் அளவால் பிரிப்பதா, தலைக்கு இவ்வளவு என்பதா? உரிமையாளர் தாமதமாகக் கட்டி 8 சதவீத வட்டி விழுந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாமா? ஒப்பந்தத்தில் இவற்றுக்கு விடை இல்லாவிட்டால், 150 யூரோ விவகாரம் குடியிருப்பு வாடகை வாரியம் வரை போகும்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று இருக்கிறது. மதிப்பை அறிவிப்பவர் உரிமையாளர். ஒரே தடவையாகவா தவணையிலா என்று தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். அறிவிப்புகள் போவதும் அவருக்கே. பணத்தை மட்டும் இன்னொருவர் தருகிறார். வீட்டைப் புதுப்பித்ததால் மதிப்பு உயர்ந்து, அடுத்த மதிப்பீட்டில் படி ஏறினால், உயர்ந்த சொத்து உரிமையாளருடையதாக இருக்க, உயர்ந்த வரி குடியிருப்பவருடையதாகிறது. குறைந்த வருமானம் உள்ளவர் வரியைத் தள்ளிவைத்துக்கொள்ள இந்தச் சட்டத்தில் வசதி உண்டு. ஆனால் அது தன் சொந்த வீட்டில் குடியிருக்கும் வரிதாரருக்கானது. ஒப்பந்த விதியின் வழியாக வரியைச் சுமக்கும் வாடகைதாரர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அவருக்கு அது கிடைக்காது. சுமையைக் கைமாற்றலாம், அதனோடு வரும் உரிமைகளைக் கைமாற்ற முடியாது. இரண்டாவது வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

குடியிருப்பவரிடம் வரி வசூலிக்கும் நாடுகள் இல்லாமல் இல்லை. அங்கெல்லாம் அந்த உரிமைகளும் சேர்த்தே தரப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1993 ஏப்ரலில் தொடங்கிய கவுன்சில் டாக்ஸ், பொதுவாக வீட்டில் வசிப்பவரின் பொறுப்பு. ரசீது அவர் பெயரிலேயே வருகிறது. தனியாக வாழும் வயது வந்தவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. புதிதாக வரிதாரராகும் ஒருவர் ஆறு மாதங்களுக்குள் வீட்டின் படியை எதிர்த்துக் கேட்கலாம். பலர் அறை அறையாகத் தங்கும் வீடுகளில் மட்டும் பொறுப்பு உரிமையாளருக்குத் திரும்பிவிடுகிறது. பங்கு பிரிப்பதன் சிக்கலை அந்தச் சட்டமே ஒப்புக்கொள்வதாக இதை எடுத்துக்கொள்ளலாம். (இங்கிலாந்தில் வீடுகளின் படி இன்னும் 1991ஆம் ஆண்டு மதிப்பை வைத்தே நிற்கிறது என்பது தனிக் கதை.)

ஜெர்மனியின் ஏற்பாடு அயர்லாந்தின் இரண்டாவது வழிக்கு மிக நெருக்கமானது. நில வரியைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர். ஒப்பந்தம் அனுமதித்தால், வீட்டின் நடைமுறைச் செலவுகளில் ஒன்றாக அதை வாடகைதாரரிடம் வசூலிக்கலாம். அது அங்கே ஓரளவு ஒழுங்காக நடப்பதற்குக் காரணம் கணக்குக் கட்டுப்பாடு. கணக்காண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் உரிமையாளர் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தம் தவறால் கொடுக்காவிட்டால் மீதித் தொகையைக் கேட்கும் உரிமையை இழக்கிறார். வாடகைதாரர் ரசீதுகளைப் பார்க்கலாம். கணக்கில் குறை சொல்ல அவருக்கும் 12 மாதங்கள் உண்டு. அப்படியிருந்தும் சுமை குடியிருப்பவரைத்தான் சேர்கிறது. மேற்கில் 1964ஆம் ஆண்டையும் கிழக்கில் 1935ஆம் ஆண்டையும் அடிப்படையாகக் கொண்ட பழைய மதிப்புகள் செல்லாது என்று 2018இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலிருந்து புதிய மதிப்பில் வரி வந்தபோது, உயர்ந்த இடங்களில் அந்த உயர்வு நடைமுறைச் செலவுக் கணக்கின் வழியாக வாடகைதாரர் பக்கமே போனது. பிரான்ஸ் இன்னொரு விதமாகப் பிரித்தது: நில வரி உரிமையாளருக்கு, குப்பை அகற்றும் வரியை மட்டும் குடியிருப்பவரிடம் மீட்டுக்கொள்ளலாம். குடியிருப்பவர் மீது தனியாக இருந்த வரி, முதன்மைக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை, 2023இல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது.

மூன்றாவது வழி பெரும்பாலோருக்குப் பொருந்தாது. 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ குத்தகை எழுதினால் வரிப் பொறுப்பு சட்டப்படியே மாறிவிடும். மதிப்பை அறிவிப்பதும் கட்டும் முறையைத் தேர்வதும் குடியிருப்பவர் கைக்கு வரும். சுமையும் உரிமையும் ஒரே இடத்தில் சேர்வதால் கொள்கை அளவில் இது குறையில்லாத ஏற்பாடு. ஆனால் ஆண்டுக்கு 333 யூரோவைத் தவிர்ப்பதற்காக யாரும் தம் வீட்டை இருபது ஆண்டுகளுக்கு முடக்கிவைக்க மாட்டார்கள். வேறு காரணங்களுக்காக நீண்ட குத்தகை எழுதுபவர்கள், வரிப் பொறுப்பும் கூடவே மாறுகிறது என்பதை வழக்கறிஞர் மூலம் இரு தரப்புக்கும் தெளிவாக்கிக்கொண்டால் போதும்.

ஆகவே, ஓராண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ வீட்டை விடும் உரிமையாளர், வரியைத் தம் செலவாகவே எண்ணி, தொடக்க வாடகையைப் பேசும்போதே அதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே குடியிருப்பவரிடம் நடுவில் போய், இந்த ஆண்டு முதல் வரியை நீங்கள் தாருங்கள் என்று கேட்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் எதுவாக இருந்தாலும் அது வாடகை உயர்வாகவே பார்க்கப்படும், வரம்பை மீறியதாகவும் ஆகலாம்.

முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு விட்டு, சந்தை வாடகைக்குக் கீழே வாடகையை வைத்து, அதற்கு ஈடாக வரியைக் குடியிருப்பவர் ஏற்பது என்று இருவரும் மனமொப்பிப் பேசிக்கொள்ளும் நிலைமை மட்டும் விதிவிலக்கு. அங்கே ஜெர்மானிய ஒழுங்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அறிவிக்கப்பட்ட மதிப்புப் படியையும் அந்த ஆண்டின் தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நாள் கணக்கில் பங்கு பிரிக்கப்படும் என்றும், தாமத வட்டி உரிமையாளரைச் சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். வரி கட்டிய சான்றைக் காட்டிய பின்பே தொகையைக் கேட்கலாம் என்று வைக்க வேண்டும். படி ஏறினால் கூடுதல் தொகை யாருடையது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். மன்றம் விகிதத்தைக் குறைத்தால் அந்தக் குறைப்பு வாடகைதாரருக்கே என்ற வாசகம் இல்லாத விதியில் வாடகைதாரர் கையெழுத்திட வேண்டியதில்லை. அந்தப் பணத்தைத் தம் வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை உரிமையாளர் கணக்காளரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும், வாடகைதாரர் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. சொத்து வரி தொடர்பான வருவாய்த் துறைக் கடிதம் சில வேளைகளில் குடியிருப்பவர் பெயருக்கே வந்துவிடும். தமக்குரியதல்ல என்று அதை ஓரமாக வைத்துவிடக் கூடாது. தாம் வரிதாரர் அல்ல என்பதை வாடகை ஒப்பந்தத்தின் நகலோடும் உரிமையாளரின் விவரத்தோடும் 30 நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். பதில் போகாவிட்டால் கடிதம் யார் பெயரில் வந்ததோ அவரையே பொறுப்பாளியாகக் கொள்ளத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது.